விரால் ஒளித்துவைத்த உப்பிறால்

உப்பளத்தை அடுத்த ஒரு குட்டையில் தாய் விரால் ஒன்று தன் குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. கோடையில் குட்டை சுருங்கியது. குஞ்சுகளின் வாய்க்குள் நுழையும் சிற்றிரை எதுவும் அங்கே மிஞ்சவில்லை.

அப்போது துணைக்கு வந்தது வளையன் என்னும் நண்டு. உப்புப் பாத்திகளில் புதிதாய்ப் பொரித்த இறால்குஞ்சுகளை உப்புநீரோடு ஒரு நத்தை ஓட்டில் அள்ளி, நாள்தோறும் அது குட்டைக்குக் கொண்டுவரும். செம்மஞ்சள் பொடி போன்ற உயிர்கள் அவை. கவிழ்த்ததும் துடிக்கும், விரால்குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து விழுங்கும்.

"இவை உப்பில் பிறந்தவை, அக்கா! உன் நல்ல தண்ணீரில் நெடுநேரம் பிழைக்கா. பிள்ளைகள் தின்று மிச்சம் இருக்கக் கூடாது!" என்று நண்டு ஒவ்வொரு முறையும் சொல்லும்.

விராலின் காதில் அது ஏறவில்லை. அதன் கண் வரப்பின் மேலேயே இருந்தது. நண்டு வரும் வழியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

"நண்டுக்குக் கால்கள் பல. எனக்கு அலகு ஒன்றுதான். ஆனால், அதுவே போதும்!" என்று கொக்கு விராலுக்குக் கேட்கும்படி சொல்லிச் சிரித்தது.

விரால் தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. 'நாளை நண்டு வராவிட்டால் என் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?' இந்த அச்சத்தை அது வெளியில் சொல்லவில்லை.

"தம்பி, பிள்ளைகளுக்குப் பசி கூடிவிட்டது. நிறையக் கொண்டு வா!" என்று மட்டும் சொன்னது.

"நேற்றுப் பாதி ஓட்டுக்கே வயிறு புடைத்துக் கிடந்தார்களே!"

"பெற்றவள் எனக்குத் தெரியாதா? கொண்டு வா!"

நண்டு ஒரு பெரிய சங்கு ஓடு நிறைய இழுத்து வந்து கவிழ்த்துவிட்டுத் திரும்பியது. குஞ்சுகள் தின்றது கொஞ்சம். மிச்சத்தை விரால் வாலால் ஒதுக்கி, அல்லிக் கிழங்கின் அடியிலிருந்த பள்ளத்தில் தள்ளி, இலையால் மூடியது. அன்றுதான் அது நிம்மதியாக உறங்கியது.

விடிந்தபோது தண்ணீர் பால்போல் வெளுத்திருந்தது. குஞ்சுகள் மேலே மிதந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாம்பு வந்துவிட்டதா?" விரால் பதறியது. மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்தது. மீண்டும் மூழ்கிப் பொந்து பொந்தாகத் தேடியது. தான் மூடிய பள்ளத்தை மட்டும் அது பார்க்கவில்லை. அதற்குள் கொக்கு ஓசையின்றித் தண்ணீரில் இறங்கியது. மிதந்த குஞ்சுகளுள் சில அலகுக்குள் மறைந்தன.

வளையன் ஓடி வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. "அக்கா! மிச்சத்தை எங்கே வைத்தாய்?"

"அல்லியடிப் பள்ளத்தில். அதற்கும் இதற்கும் என்னடா? இந்தத் தண்ணீர் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே!"

"நீ மேலே வந்து காற்றைக் குடிக்கிறாய். பிள்ளைகளுக்கு இன்னும் தண்ணீர்தான் மூச்சு. பள்ளத்தில் அழுகியது அந்த மூச்சைத் தின்றுகொண்டிருக்கிறது!"

விரால் பள்ளத்தின் பக்கம் திரும்பியது. நண்டோ நிற்கவில்லை. நல்ல தண்ணீர் ஓடும் பக்கத்து வாய்க்காலின் கரையைத் துளைக்கத் தொடங்கியது. அதைக் கண்ட கொக்கு குஞ்சுகளை விட்டுவிட்டு நண்டை நோக்கி அலகை ஓங்கியது.

விரால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளியது. அதன் வால் கொக்கின் முகத்தில் ஓங்கி அறைந்தது. கொக்கு அலறிப் பறந்தது. கரை உடைந்து புதுத் தண்ணீர் புகுந்தது. பிழைத்தவை பாதிக் குஞ்சுகளே.

"நீ வராமல் போய்விடுவாயோ என்று பயந்தேன், தம்பி" என்றது விரால்.

"இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, அக்கா? பொரித்த குஞ்சுதான் கெடும். பாத்தியோரம் காய்ந்து கிடக்கும் அதன் முட்டை கெடாது. ஒருமுறை சென்று முட்டைகளையும் ஓர் உப்புக் கட்டியையும் எடுத்து வந்துவிட்டால், உன் கரையிலேயே வளை தோண்டித் தங்கிவிடுவேன். ஓட்டில் உப்பைக் கரைத்து, வேண்டிய அளவே பொரிக்க வைக்கலாமே!"

அவ்வாறே நடந்தது. நண்டு அந்த வரப்பு வழியே மறுபடி நடக்க நேரவில்லை. ஆனால், இறந்த குஞ்சுகள் திரும்பி வரவில்லை.

வெளியில் சொல்லாத அச்சம் அளவை மறக்கச் செய்யும்; அளவை மறந்து சேர்த்த பொருள், எந்த உயிரைக் காக்கச் சேர்த்தோமோ அந்த உயிரையே குடிக்கும்.