பாசி பழசு

கண்மாய்க் கரையில் நாச்சம்மை டீச்சருக்கு ஒரு சின்ன ஆய்வுக்கூடம். தண்ணீரில் விஷம் உண்டா என்று அங்கே சொல்வது பாசிதான். தண்ணீரில் பாசியை விட்டுச் சற்று நேரம் இருட்டில் வைப்பார்கள். பிறகு அதன்மேல் ஒளியைப் பாய்ச்சுவார்கள். நலமான பாசி ஒளியை வாங்கி உழைக்கும். நொந்த பாசி அதை வெளியே விட்டுவிடும். கருவி காட்டிக்கொடுக்கும்.

சீடர் சவரிமுத்து டீச்சரைவிட மூத்தவர். சோப்புக் கம்பெனி வேலையை விட்டு, மீனுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் செய்யாத துணி துவைக்கும் திரவம் ஒன்றைத் தானே தயாரித்திருந்தார். மறுநாள் தருவதாகப் படித்துறைப் பெண்களிடம் வாக்கும் கொடுத்தாயிற்று.

அதைத் தண்ணீரில் கலந்து முதலில் அளந்தபோது பாசி நொந்திருந்தது.

"பாசி பழசு டீச்சர்" என்று கொட்டினார்.

இரண்டாம் முறையும் அப்படியே. அதையும் கொட்டினார். மூன்றாம் முறை கருவி எப்படியோ மனமிரங்கியது. உடனே எழுதிக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார் மனிதர்.

"சரியாத்தான் அளந்தோமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது டீச்சர்?" என்று நிம்மதியாகக் கேட்டார்.

டீச்சர் உள்ளே போய், பெயர் ஒட்டாத மூன்று குப்பிகளோடு வந்தார்.

"ஒண்ணுல வெறும் தண்ணி. ஒண்ணுல கடைச் சோப்பு. ஒண்ணுல உங்க சரக்கு. அளங்கண்ணே."

அளந்தார். இரண்டு நலம். நடுக்குப்பிப் பாசி நொந்திருந்தது.

"பாசி பழசா இருக்குமோ?" என்றார் டீச்சர்.

சவரிமுத்து மூன்று குப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுல என் சரக்கு இருக்கு டீச்சர்?"

"எதுல உங்க சரக்கு இருந்தா இந்தப் பாசி புதுசு, எதுல இருந்தா பழசு?"

அவர் நடுக்குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பல நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போல இருந்தது. எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"நாளைக்குச் சரக்கு இல்லேன்னு படித்துறையில சொல்லிட்டு வந்துர்றேன். வந்து புதுசாச் செஞ்சு பாக்கணும்."

"நடுக்குப்பி உங்களுதுன்னு நான் இன்னும் சொல்லலையே?"

"நீங்க சொல்ல வேணாம் டீச்சர். பாசி மொதத் தடவையே சொல்லிருச்சு."