இடப்பக்கம் இழுத்த மாப்பிள்ளை கார்

ஆண்டவன் புத்தியைப் பங்கு வைத்த அன்று சந்தைக்குப் போயிருந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மாசானம், பேச்சிமுத்து, திரவியம். கடைக்குட்டி திரவியத்துக்கு அன்று கல்யாணம். மாலையும் கழுத்துமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். தாலி பேச்சிமுத்து மடியில்.

பெண்ணின் அப்பா முன்னமே சொல்லிவிட்டார்: "முகூர்த்தத்துக்குள்ள வரலைன்னா, பொண்ணை அவ அத்தை மகனுக்குக் கட்டிவச்சிருவேன்." அத்தை மகனும் பட்டுவேட்டியோடு தயாராக நின்றான்.

மாசானம் ஓட்டினான். கார் இடப்பக்கமே இழுத்தது. இழுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையார் கோவில் முன்னால் நின்றது.

"பக்தியுள்ள வண்டிடா!" இறங்கித் தேங்காய் உடைத்தார்கள்.

மறுபடி கிளப்பினால், மறுபடி இடப்பக்கம். இந்தத் தடவை சாராயக்கடை வாசல்.

"என்னண்ணே இது?"

"சாமி கும்பிட்டுட்டு நேரா இங்க வர்றது நம்ம ஊர் வழக்கம்தானே. வண்டி பாத்துப் பழகியிருக்கு."

மூன்றாவதாக இழுத்த இடம், நல்லவேளை, ஒர்க்‌ஷாப். மெக்கானிக் குனிந்து பார்த்தார். "டயர் ஒருபக்கமா தேஞ்சிருக்கு. முன்னாடி இருக்கிறது பின்னாடி போகணும், பின்னாடி இருக்கிறது முன்னாடி வரணும். வண்டியை விட்டுட்டுப் போங்க."

"இதுக்கு நீ எதுக்கு?" என்று சிரித்தான் மாசானம். காரை அப்படியே திருப்பினான். பின்பக்கம் முன்னால் வந்தது, முன்பக்கம் பின்னால் போனது. ரிவர்ஸிலேயே கிளம்பினார்கள்.

"அண்ணே, இப்ப வலப்பக்கம் இழுக்குதே!"

"பாத்தியா, வைத்தியம் கேட்டிருச்சு!"

கழுத்து சுளுக்க, மண்டப வாசல் வரை பின்னாலேயே வந்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருந்தது. நாதஸ்வரம் முழங்கியது. மாசானம் அப்பாடா என்று முகத்தை நேரே திருப்பினான். திகைத்தான்.

"டேய், வண்டி நம்ம ஊரைப் பாத்து நிக்குதுடா."

பேச்சிமுத்து ஆழ்ந்து யோசித்தான். "அப்ப நாம போகலை. திரும்புறோம்."

"கல்யாணம் முடிஞ்சிருச்சா?" என்றான் திரவியம்.

"கழுத்துல மாலை இருக்கில்ல? மேளம் வேற கேக்குது. பின்ன என்னடா?"

"தாலி உங்க மடியில இருக்கே, சின்னண்ணே?"

"தங்கம்டா. பத்திரமா வச்சிருக்கேன்."

வண்டி ஊரைப் பார்த்துப் பறந்தது. பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

"வழியனுப்ப இம்புட்டுத் தூரம் ஓடி வர்றாரே, தங்கமான மனுசன்," என்று திரவியம் கை ஆட்டினான்.

வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் அவனுக்கு நினைப்பு வந்தது. "அண்ணே, எம் பொண்டாட்டி எங்க?"

மாசானம் கொஞ்சமும் அசரவில்லை. "பிரசவத்துக்குத் தாய்வீட்டுல விட்டுட்டு வந்திருப்போம்டா."

திரவியம் வெட்கத்தில் தலை குனிந்தான்.

அங்கே முகூர்த்தம் தப்பவில்லை. அத்தை மகன் கட்டினான். மறுவருசம் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது என்று சேதி வந்ததும், ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தது நம்ம திரவியம்தான்.