முதலிடத்தில் நிற்க ஆள் இல்லை

“முதலில் நிற்கிறவன் பெரியவன் என்று நினைத்துவிடாதே, அவன் வந்து…” பிரமன் சொன்னதில் இவ்வளவுதான் ஞாயிற்றுக்கு ஞாபகம் இருந்தது. மிச்சம் பிடிபடவே இல்லை.

அந்தக் காலத்தில் காகம் வாய்விட்டுப் பேசும். நாட்கள் ஏழு பேராக வானத்தில் குடியிருந்தார்கள். காலம் நிறைந்த ஒரு குடத்தைப் பிரமன் அவர்களிடம் ஒப்படைத்திருந்தான். ஒரு பகலும் ஓர் இரவும் சுமந்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் கொடுப்பவரின் கண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். குடம் தரையில் பட்டால் காலம் அதோடு நின்றுவிடும்.

கோயிலில் முதல் மரியாதை கிடைக்குமே என்று முதலிடத்துக்குப் பெரிய சண்டை. செவ்வாய் கைநீட்டவே போய்விட்டான். கால் ஊனமான சனி மட்டும் கடைசி இடம் போதும் என்று ஒதுங்கினான். பிறகுதான் வெள்ளிக்கு உறைத்தது: சுற்றி வரும்போது சனியிடம் குடத்தை வாங்க வேண்டியவன் முதலிடத்துக்காரன். சனியின் கண்ணைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். உடனே எல்லோருக்கும் பணிவு வந்துவிட்டது.

“மூத்தவர் நீங்க இருக்கும்போது நாங்க எப்படிண்ணே?” என்றான் திங்கள். சின்னவர்கள்தான் முன்னால் போக வேண்டும் என்று ஞாயிறும் நழுவினான். முதலிடம் காலியாகவே கிடக்க, பிரமன் குடத்தைத் திங்களிடம் கொடுத்துச் சுற்றைத் தொடங்கிவைத்தான்.

சனி, ஞாயிற்றின் மகன். பிறந்த அன்று குழந்தை கண் திறந்து அப்பனைப் பார்த்தது. ஞாயிற்றின் முகம் கரிந்து, நடுப்பகலில் உலகம் இருண்டது. அதிலிருந்து மகன் இருக்கும் பக்கம் அவன் திரும்பியதில்லை.

குடம் கைமாறிக் கைமாறிச் சனியிடம் போய்ச் சேர்ந்தது; கொடுக்கிறவன் சனியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் வெள்ளி தப்பித்தான். சனியின் நாளும் முடிகிற வேளையில் அவனுடைய காகம் இறக்கை ஓய்ந்து ஞாயிற்றிடம் வந்து இறங்கியது.

“சாமி, எங்க ஐயாவுக்குக் காலு இழுக்குது. கண்ணை வேற துணியால கட்டிக்கிட்டு நடக்கிறார்.”

கண்ணைக் கட்டிக்கொண்டு எதற்காக நடக்கிறான் என்று ஞாயிறு கேட்டான்.

“வாங்குறவங்க பயந்துடக் கூடாதாம். ரெண்டு தரம் தடுக்கிட்டார். ஆளே நிக்கலையே, யாருகிட்ட கொடுக்கப்போறீங்கன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“அப்பா நிப்பாருன்னார்.”

ஞாயிறு எழுந்து போய் முதலிடத்தில் நின்றான். இழுபடும் காலின் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது; நடுவில் ஒருமுறை நின்று, மறுபடி கேட்டது. மகன் எதிரில் வந்ததும் ஞாயிறு குடத்துக்கு முன் அந்தத் துணியைத்தான் தொட்டான்.

“அவிழ்க்காதீங்கப்பா.”

“குடத்தைக் கெட்டியாப் பிடி,” என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தான்.

அன்று முதல்தான் சனிக்கு அடுத்து ஞாயிறு, வாரத்துக்கு அதுவே முதல் நாள். மகன் கண்ணைப் பார்த்தே குடத்தை வாங்கியதில் ஞாயிற்றின் முகம் கொஞ்சம் கரிந்தது. அடுத்த சுற்றுக்கு வேறு யாரையாவது நிறுத்தலாமா என்று பிரமன் கேட்டபோது, தானே நிற்பதாக ஞாயிறு சொல்லிவிட்டான். மறந்துபோன மிச்சமும் இப்போது ஞாபகம் வந்திருந்தது: “அவன் வந்து, கடைசியில் வருகிறவனுக்காக நிற்கிறவன்.”