சனி நகர்ந்த நாலு விரல்

பளிங்குக் கிண்ணத்துக்குள் ஏதோ தேயும் சத்தம். சரக்... சரக்... நின்றது. மறுபடியும் சரக்.

சுநந்தை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இருட்டி வெகுநேரம் ஆகிவிட்டது. அரசரின் வானாய்வுக்கூடத்தில் இன்றிரவு யாருக்கும் முறை கிடையாது. நரியா? நரி எதற்குக் கல்லைத் தேய்க்கிறது?

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கோள்களின் இடத்தை அளக்கத் தரைக்குள் ஆள் உயரத்துக்குப் பதித்த அந்தப் பெரிய கிண்ணத்தில், பளிங்குப் பலகைகளுக்கு நடுவே ஆள் இறங்கி நிற்க விட்டிருந்த சந்தில், அவளுடைய குரு உத்பலை நின்றிருந்தாள். கையில் தேங்காய் நார், காலடியில் மணல், பக்கத்தில் அகல் விளக்கு.

உத்பலை சுநந்தையைவிட மூன்று வயது இளையவள். குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை அம்மா என்பாள். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும்.

“இந்தக் கரிக்கோடெல்லாம் யார் வேலை, அக்கா?”

“நான்தான் அம்மா.”

“நினைத்தேன். திருட்டுத்தனமாகக் கோடு போடுகிறவர்களில் நீ ஒருத்திதான் பக்கத்தில் தேதியும் எழுதுவாய்.”

சுநந்தைக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே இறங்கி, கிண்ணத்தில் செதுக்கியிருந்த ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“சனி இந்தக் கோட்டுக்கு வரும் இரவு என் பெண்ணுக்குக் கண்டமாம். கடைத்தெரு சோசியர் சொன்னார். ஐந்து மாசக் குழந்தை அம்மா அது. ஐந்து இரவாக வந்து பார்க்கிறேன். சனி உச்சிக்கு வந்ததும் அது தெரிகிற இடத்தில் கரி வைக்கிறேன். நாலு விரல் நகர்ந்துவிட்டது. இன்னும் ஒரு விரல்தான் பாக்கி.”

உத்பலை நாரைக் கீழே வைத்தாள். மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, முதல் நாள் கோட்டை மட்டும் அவள் விட்டுவைத்திருந்தாள்.

“இப்போது சனி உச்சியில் இருக்கிறார். பார். கரியை நான் வைக்கிறேன், நீ இடம் சொல்.”

சுநந்தை பளிங்கு விளிம்பில் கண்ணை வைத்து, மேலே குறுக்கே கட்டிய கம்பிகளின் கூடலில் சனியைப் பிடித்தாள்.

“என் கண்ணுக்கு நேரே, இங்கே. கொஞ்சம் கீழே. அங்கேதான்.”

விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார்கள். புதுக் கரி முதல் நாள் கோட்டின் மேலேயே இருந்தது.

“ஐயோ, பின்னால் போய்விட்டதா?”

“அவர் எங்கே போவார்? ஒரு சுற்று வர முப்பது வருஷம் எடுத்துக்கொள்கிறவர். ஐந்து நாளில் இந்தக் கல்லில் ஒரு நெல் அகலம் நகர்ந்தாலே அதிகம்.”

“அப்படியென்றால் அந்த நாலு விரல்?”

“நகர்ந்தது உன் கை. பயம் அதை ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டுப் பக்கம் இழுத்திருக்கிறது.”

சுநந்தை தன் கையைப் பார்த்தாள். நேற்றைய கரி விரல்களில் இன்னும் போகவில்லை.

“அப்படியானால் சனி அந்தக் கோட்டுக்கு வரவே மாட்டாரா?”

“வருவார். எல்லாக் கோட்டுக்கும் வருவார். என்றைக்கு என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.”

“சொல்லுங்கள். அன்றைக்கு என் பெண்ணுக்கு என்ன ஆகும்? அதையும் சொல்லுங்கள். ஒன்றும் ஆகாது என்றாவது சொல்லுங்களேன் அம்மா!”

உத்பலை சுநந்தையின் கரி படிந்த விரல்களைத் தன் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“சனி நிற்கும் இடத்தைத்தான் எனக்கு அளக்கத் தெரியும் அக்கா. உன் பெண்ணின் ஆயுளை அளக்க என்னிடம் கல் இல்லை.”

சுநந்தை சந்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். “அப்படியானால் நான் அவளை எப்படித்தான் காப்பாற்றுவது?”

மதிலுக்கு அந்தப் பக்கம், ஊழியர் வீடுகளின் வரிசையிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. பால் சுரந்து சுநந்தையின் ரவிக்கை நனைந்தது.

“என் பெண்தான். பசி. அவள் அப்பா தூங்கினால் தலையில் இடி விழுந்தாலும் அசையமாட்டார்.”

எழுந்தாள். ஆனால் கண் மறுபடியும் கம்பிகளுக்குப் போனது.

“ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் அம்மா. நீங்கள் வைத்த கோடு சரிதானா என்று...”

உத்பலை விளக்கை ஊதி அணைத்தாள்.

“அழுவது சனி இல்லை, அக்கா.”

சுநந்தை மேலே ஏறி வீட்டுக்கு ஓடினாள். தொட்டிலிலிருந்து பெண்ணை வாரி மார்போடு சேர்த்துக்கொண்டு, ஐந்து இரவாக வெளியே ஓடுவதற்காகவே வெறுமனே சாத்தி வைத்திருந்த கதவை, மறு கையால் உள்ளே தாழிட்டாள்.