அலமாரிச் சந்தில் நாலு ஓட்டை

"வீட்ல ஒரு இடம் விடாம தேடிட்டேன் பாய். அவர் இல்ல."

மங்கையர்க்கரசி டீச்சர் பட்டறைக்குள் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார்.

தாவூது பாய் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

திண்டுக்கல் நாகல் நகரில் கை நுழையாத சந்துக்குள் மரவேலை என்றால் பாயைத்தான் கூப்பிடுவார்கள். அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசிவிட்டால், "இன்னைக்கு மழைதான்" என்பார்கள். அப்படிப்பட்ட மனுஷரிடம் போய் அழுது என்ன ஆகப்போகிறது? டீச்சருக்கும் அது தெரியும். அவர் கையில் ஒரு பெட்டி இருந்தது.

"இதைப் பிடிக்கச் சொல்லிக் குடுங்க."

பெட்டிக்குள் ஒரு டிரில். பேட்டரியில் ஓடுவது. நேராக நீளாமல் கழுத்து மடங்கி, மூக்கு பக்கவாட்டில் பார்த்தபடி இருந்தது. பிளாஸ்டிக் உறை கூட இன்னும் பிரிக்கவில்லை.

"யாரு வாங்கினது?"

"எங்க வீட்டுக்காரர்தான். அடுப்படி அலமாரி மொத்தமும் அவரே செஞ்சாரு. மூலையில, அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சாண் சந்து. எண்ணெய் பாட்டில் வைக்க அதுல ஒரு தட்டு போட்டுத் தர்றேன்னாரு. இருந்த டிரில் உள்ள திரும்பல. இதை ஆர்டர் பண்ணினாரு."

டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அவர் போய்ச் சேர்ந்த எட்டாம் நாள் பார்சல் வந்துச்சு. சபாபதி சார் இருக்காரான்னு கேட்டான் அந்தப் பையன். இருக்காருன்னு சொல்லிட்டேன் பாய்."

பாய் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"நானே வந்து போட்டுத் தந்துர்றேன். பத்து நிமிஷ வேலை."

"வேண்டாம், நான்தான் போடணும். போட்டோவைப் பார்த்தா போட்டோவாத்தான் இருக்கு. சட்டையை மோந்து பார்த்தா சோப்பு வாசம்தான் வருது. பதினோரு மாசமாச்சு, கனவுல கூட எட்டிப் பார்க்கல மனுஷன். அவர் பாதியில விட்டுட்டுப் போனது இந்த ஒரு வேலைதான். இதைச் செஞ்சா கொஞ்ச நேரம் அவர்கூட இருந்த மாதிரி இருக்காதான்னு ஒரு நப்பாசை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். டிரில் பிடிக்கத் தெரியும்."

"அது போதும்."

டீச்சருக்கு ஐம்பத்தொன்று. பாய்க்கு முப்பத்தி நாலு. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அன்றைக்குப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

பாய் வேலை மேஜையைச் சுவரோரம் நெருக்கிப் போட்டார். இடுக்குக்குள் டிரில்லை விடச் சொன்னார்.

டீச்சர் முதலில் தலையை விட்டார். மடேரென்று இடித்துக்கொண்டார்.

"தலை எதுக்கு?"

"பார்க்க வேண்டாமா?"

"கை போனா தலை போகாது. தலை போனா கை போகாது."

"அப்புறம் இடம் எப்படித் தெரியும்?"

பாய் ஒரு குத்தூசியை எடுத்துப் பலகையில் குத்தி, மிளகு அளவுக்கு ஒரு குழி வைத்தார்.

"இது இல்லாட்டி டிரில் முனையில இருக்கிற பிட்டு வழுக்கும். கண்ணை மூடிக்கிட்டு விரலால தேடுங்க. கிடைச்சதும் விரல் இருக்கிற இடத்துக்கு பிட்டைக் கொண்டு வாங்க."

முதல் தடவை டீச்சர் கைப்பிடியை முரட்டுத்தனமாக அழுத்தினார். பிட்டு மரத்தைக் கவ்வி, மணிக்கட்டை ஒரு திருகு திருகியது. "அம்மாடி!"

"கைப்பிடியில பலம் போடாதீங்க. இன்னொரு உள்ளங்கையை அந்த மடங்கின கழுத்துக்குப் பின்னால வைங்க. சும்மா சாஞ்சா போதும்."

நாலு நாள், பள்ளிக்கூடம் விட்டதும் வந்துவிடுவார். மூன்று பலகைகள் சல்லடையாகிவிட்டன. ஐந்தாம் நாள் பாய், "போலாம்" என்றார்.

அன்று சனிக்கிழமை. டீச்சர் வீட்டு அடுப்படியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சந்துக்குள் மட்டும் இருட்டு. பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். பலகையும் ஒட்டடையும்தான் தெரிந்தன.

"குத்தூசி எடுத்துக்கிட்டீங்களா?"

"இருக்கு."

"முதல்ல இடத்தைத் தடவிப் பாருங்க. அப்புறம் நாலு குழி."

டீச்சர் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். தரையிலிருந்து மூன்றரை அடி, விளிம்பிலிருந்து ஒரு முழம் என்று முன்னமே கணக்குப் போட்டு வைத்திருந்தார். விரல் பலகை மேல் மெதுவாக நகர்ந்து போனது.

நின்றது.

"பாய்."

"ம்."

"இங்க குழி இருக்கு."

"குத்திட்டீங்களா?"

"நான் இன்னும் குத்தவே இல்ல."

டீச்சரின் விரல் மேலும் நகர்ந்தது.

"பக்கத்துல ஒண்ணு... கீழ ரெண்டு. நாலும் இருக்கு பாய். நாலும் இருக்கு!"

அந்தச் சந்துக்குள் சுத்தியலை ஓங்க முடியாது. குத்தூசியை உள்ளங்கையால் அமுக்கித் திருகித் திருகித்தான் சபாபதி ஏற்றியிருக்க வேண்டும்.

"டிரில் ஆர்டர் பண்ணின வாரம் அவர் கையில கொப்புளம் போட்டிருந்துச்சு" என்றார் டீச்சர். "என்னங்க இதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாரு. அடப்பாவி மனுஷா, இதானா!"

சிரித்தார். உடனே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கன்னம் சுவரில், கை இருட்டில், அப்படியே நின்று அழுதார்.

அழுகை அடங்கும் வரை பாய் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரில்லில் பேட்டரியை மாட்டி, டீச்சரின் மற்றக் கையில் கொடுத்தார். டிரில் உள்ளே போனது.

"பிட்டு குழியில உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சு."

"விரலை எடுத்துட்டு அமுத்துங்க."

சத்தம் வரவில்லை.

"டீச்சர்?"

"ஓட்டை போட்டா குழி போயிருமே பாய்."

"போயிரும்."

"அலமாரியெல்லாம் நான் தொடச்சுத் தொடச்சு என் கைதான் இருக்கு. இங்க மட்டும்தான் அவருக்கு அப்புறம் யாரும் கை வைக்கல. அவர் வச்ச மாதிரியே இருக்கு." டீச்சர் குரல் இறங்கிவிட்டது. "தட்டு வேண்டாம். இதை இப்படியே விட்டுரலாம். தினம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்குவேன். எனக்கு அது போதும்."

பாய் சந்துப் பக்கம் குனிந்தார்.

"அவர் எதுக்கு டீச்சர் குழி வச்சாரு?"

டீச்சர் குழியிலிருந்து விரலை எடுத்தார்.

சந்துக்குள் டிரில் ஓட ஆரம்பித்தது.