உயிரோடு இருந்த அரசனின் கருமாதி

முன்னொரு காலத்தில், ஏழைகள் தீர்ந்துபோனால் தங்களுக்குப் புண்ணியம் எங்கிருந்து கிடைக்கும் என்று செல்வர்கள் அஞ்சிய ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் தானம் செய்ய ஒரு மண்டபமும், அதை மேற்பார்க்க ஓர் அதிகாரியும், அதை வாங்குவதற்கென்றே ஒரு சேரியும் இருந்தன. சேரி மக்கள் அரண்மனைச் சுண்ணாம்புக் காளவாயில் வெந்தார்கள். அவர்கள் கூலியில் பிடித்துக்கொண்ட நெல் களஞ்சியத்துக்குப் போய், திருநாளன்று சோறாகி அவர்களிடமே திரும்பி வந்தது. கூலியாகக் கொடுத்தால் அது கடமை. சோறாகப் போட்டால் அது தருமம். கடமையைச் செய்தவனுக்கு எந்த நாட்டில் கல்வெட்டு வைத்தார்கள்?

அந்த நாட்டு அரசன் அரிகேசன் ஒரு நாள் காலையில் கண்ணாடி பார்த்தான். அவன் முகம் அதில் தெரியச் சற்றுத் தாமதமானது. தாமதமானதாக அவனுக்குத் தோன்றியது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அன்று முதல் அவன் மரண பயத்தில் விழுந்தான். தானாதிகாரி பூபதிராயர் அதற்கு ஒரு வழி சொன்னார். அரசர் உயிரோடு இருக்கும்போதே தமக்குக் கருமாதி செய்துகொள்ள வேண்டும். புல்லாலும் மெழுகாலும் அரசரைப் போலவே ஒரு பொம்மை செய்து, முடிசூட்டிக் கிடத்தி அழ வேண்டும். பறை முழங்கிய கணம் முதல் அரசர் இறந்தவர். அவரை யாரும் காணலாகாது, அவர் சொல்லை யாரும் கேட்கலாகாது. எள்ளும் இரும்பும் கறுப்புத் துணியுமாக அவருடைய பாவத்தை ஓர் ஏழை கைநீட்டி வாங்கிக்கொண்டு நாட்டின் எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட வேண்டும். திரும்பி வரவே கூடாது. அந்த ஏழையைத் தொடுகிறவனுக்கும் பாவம் ஒட்டும். ஏழை எல்லையைத் தாண்டியதும் அரசர் புதுப் பிறவி எடுத்தவராவார்.

"தானம் பெறும் பாக்கியத்துக்குக் காத்தாயி என்னும் விதவையைத் தேர்ந்திருக்கிறேன், அரசே," என்றார் ராயர். சொல்லும்போது அவர் கண்கள் அரசனை அல்ல, விகடன் வேம்பனைப் பார்த்தன.

வேம்பன் அந்தச் சேரியில் பிறந்தவன். நாவன்மையால் அரசவைக்கு வந்தவன். அவன் அரியணைக்கருகே உட்காருவது ராயருக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது. காத்தாயி அவன் உடன்பிறந்த அக்காள். மறுத்தால் ராஜத்துரோகி, இணங்கினால் இரண்டு குழந்தைகளின் தாயைக் காட்டுக்கு அனுப்பியவன்.

வேம்பன் எழுந்து வணங்கினான். "அரசே, ஓர் ஐயம். இறந்த நிலையில் தாங்கள் ஏதேனும் ஆணையிட்டால்?"

"கேட்கலாகாது. என்னைக் கண்டவன் தலையும், என் சொல்லைக் கேட்டவன் தலையும் போகும்."

"தாங்களே இரந்து கேட்டாலுமா?"

"நானே கேட்டாலும்தான்," என்றான் அரிகேசன். எழுத்தர் அதை ஆணையாக எழுதிக்கொண்டார். ராயர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

அன்று காளவாய் ஓரத்தில் வேம்பன் செய்தியைச் சொன்னபோது, காத்தாயி கையிலிருந்த சுண்ணாம்புக் கூடையை இறக்கி வைக்கவே இல்லை. "நான் போயிட்டா புள்ளைங்களுக்கு யாருடா கஞ்சி ஊத்துவா?" என்று மட்டும் கேட்டாள். வேம்பன் அவள் காதருகே குனிந்து, எல்லைக்கல் வரை நட, தாண்டாதே, அங்கேயே உட்கார்ந்துவிடு என்றான்.

கருமாதி நாள் வந்தது. பொம்மை அரசனைவிட அரசனாக இருந்தது. மெழுகுக் கன்னத்தில் வெயில் பட்டபோது அது வியர்த்தது. கூலிக்கு அழ வந்த பெண்கள் அதைக் கண்டு உண்மையாகவே அலறினார்கள். பறை முழங்கியது. ஒரே வீச்சில் அத்தனை தலைகளும் அரிகேசனிடமிருந்து வேறு பக்கம் திரும்பின. நீர் வார்த்துத் தானம் கொடுத்தார்கள். காத்தாயி குனிந்து வாங்கினாள், நடந்தாள், எல்லைக்கல்லின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காவலர்கள் அதட்டினார்கள். அவள் எழவில்லை. ஈட்டியால் தள்ளலாமா என்று ஒருவன் கேட்டான். ஈட்டி வழியாகவும் பாவம் ஏறுமே என்றான் மற்றவன். இருவரும் விலகி நின்றார்கள்.

உச்சி வெயில் ஏறியது. அரிகேசனுக்குத் தாகம். பணியாளிடம் தண்ணீர் கேட்டான். அவன் அரசனுடைய உடம்பின் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரசன் ராணியின் தோளைத் தொட்டான். அவள் சிலிர்த்து, ஏதோ குளிர் காற்று என்று தோழியிடம் சொல்லிக் கதவைச் சாத்தினாள். தலை போய்விடும் என்ற அச்சத்தில் நடிக்கிறார்களா, உண்மையிலேயே நான் தெரியவில்லையா? அரசனுக்கு அது விளங்கவில்லை. தன் அரண்மனையில், தன் மக்கள் நடுவில், யாருடைய கண்ணிலும் படாமல் நடப்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் அவன் அறிந்தான். சேரிக்காரன் அதைப் பிறந்த நாள் முதல் அறிவான்.

மயானத்தில் சந்தனக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பெண் எல்லையைத் தாண்டாவிட்டால் இறந்தவர் இறந்தவரே என்று ராயர் புதிதாக ஒரு விதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுக்கை இன்னும் அகலமாக்கச் சொன்னார். புல்பொம்மைக்கு எதற்கு ஐயா இவ்வளவு விறகு என்று வெட்டியான் கேட்டான். ராயர் இருவர் கிடக்கும் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்று அரிகேசன் அந்தக் கணக்கைப் பார்த்தான்.

அவன் எல்லைக்கல்லுக்கு ஓடினான். காத்தாயி அருகே வேம்பன் நின்றிருந்தான்.

"வேம்பா, உனக்குமா நான் தெரியவில்லை?"

வேம்பன் வானத்தைப் பார்த்தான். "அக்கா, காத்து கொஞ்சம் பொலம்புற மாதிரி இருக்குல்ல?"

"காத்து இல்லடா," என்றாள் காத்தாயி. "அவரு பாவம் என் மடியிலதானே கெடக்கு. அவரு பேச்சு எனக்குக் கேக்காம வேற யாருக்குக் கேக்கும்?" அவள் அரசனை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து அவனைப் பார்த்த முதல் கண்கள் அவை. 

"தாண்டிப் போ, பெண்ணே. நீ தாண்டினால்தான் நான் பிழைப்பேன்."

"நான் தாண்டினா எம்புள்ளைங்க பொழைக்காது சாமி. ஒங்க தருமச் சோறு வருசத்துல ஒரு நாளு. மத்த நாளு பூரா அதுங்க என்னத்தத் திங்கும்?"

 அரசனின் நாக்கு தாகத்தில் மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது. அவன் அவளருகே இருந்த தண்ணீர்க் கலயத்தைப் பார்த்தான்.

"செத்தவங்களுக்குத் தண்ணி ஊத்துறது எங்க தெருவுல வழக்கந்தான்," என்று சொல்லி அவள் கலயத்தைச் சாய்த்தாள். அரசன் இரு கையையும் ஏந்திக் குடித்தான். என்றும் மேலிருந்தே பழகிய கை அது. அன்றுதான் அது முதன்முறையாகக் கீழே இருந்தது.

குடித்து முடித்தவன் தானத்தைத் திருப்பித் தரும்படி கேட்டான். கொடுத்தது திரும்பி வந்துவிட்டால் சடங்கு இல்லை. சடங்கு இல்லையென்றால் சாவும் இல்லை.

"குனிஞ்சு வாங்குங்க சாமி. நானும் குனிஞ்சுதான் வாங்குனேன்."

அவன் குனிந்தான். எள்ளையும் இரும்பையும் துணியையும் அவள் ஒவ்வொன்றாக அவன் கையில் வைத்தாள். "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க. ஒங்க பாவத்துல நான் ஒண்ணும் எடுத்துக்கல."

பொழுது சாயும் நேரத்தில், கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அரிகேசன் அரசவைக்குள் நுழைந்தான். தலைகள் பழையபடி திரும்பிக்கொண்டன. ராயர் அரியணையின் மேல்படியில் அமர்ந்து, நாளைக்கு முத்திரை மோதிரம் யாரிடம் இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அரிகேசன் அவர் முன்னால் போய் இரும்பை நீட்டினான்.

"ராயரே, இடம் பிடித்திருக்கிறதென்றால் அமர்ந்தே இரும். இடத்தோடு இதையும் வாங்கிக்கொள்ளும்."

ராயர் பாம்பைக் கண்டவர்போலத் துள்ளிப் படியிலிருந்து உருண்டார்.

"தானாதிகாரி அவர்களே," என்றான் பின்னால் வந்த வேம்பன், மிகுந்த பணிவோடு. "தாங்கள் யாரைக் கண்டு துள்ளினீர்கள்? இறந்தவரைக் கண்டவர் தலை என்னாகும் என்ற ஆணையை எழுத்தர் ஒருமுறை படிக்கட்டும்."

"நான் யாரையும் காணவில்லை," என்று ராயர் தரையிலிருந்தபடியே, அரிகேசனைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னார்.

அரசன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மண்டபத்தில் நெடுநேரம் தனியாகவே அலைந்தது. அது உயிருள்ளவன் சிரிப்புதானா என்று அறியாமல் யாரும் உடன் சிரிக்கவில்லை. பிறகு, கொடுத்த தானம் தன் கைக்கே திரும்பிவிட்டது, இனிச் சாவு இல்லை என்று சபைக்குச் சொல்லி, அவன் முத்துமாலையைக் கழற்றி வேம்பனிடம் நீட்டினான். வேம்பன் அதை வாங்கவில்லை. காளவாய்க் கூலியைப் பிடித்தம் இல்லாமல் காளவாய் வாசலிலேயே அளந்து கொடுத்துவிடுங்கள், அரசே, அந்தப் பரிசு போதும் என்றான். அரசன் மறுக்கவில்லை, அன்றே ஆணை பிறந்தது. நெல்லை அளந்து கொட்டும் வேலை ராயருக்குக் கிடைத்தது.

காத்தாயி முழுக் கூலியோடு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். இரண்டு குழந்தைகளும் வயிறு நிறைய உண்டன. தருமச் சோறு உண்ணும் நாளில் முதல் கவளத்துக்கு முன் அரசர் வாழ்க என்று சொல்ல வேண்டும். சின்னவன் பழக்கத்தில் வாய் திறந்தான்.

"பேசாம சாப்புடுடா," என்றாள் தாய். "இது நம்ம கூலி."