கொத்தனார் பார்த்த வாத்துப் படம்

தாமரைக் குளத்தங்கரையில் ஒரு மரங்கொத்தி இருந்தார். பெயர் கொத்தனார். காட்டில் யார் ஆடினாலும் பாடினாலும் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. குறைக்கு ஒன்றாகக் கரையோர வேம்பில் ஓட்டை போடுவார். ஐந்து ஓட்டை விழுந்துவிட்டால் மறுநாள் அந்த ஆட்டத்தையோ பாட்டையோ ஒரு ஈ கூட எட்டிப் பார்க்காது!

அந்தக் கோடையின் கடைசியில் அணில் பூவாலி ஒரு படம் காட்ட வந்தாள். நூறு தேக்கிலைகளில் நாவல் பழச் சாற்றால் ஒரு வாத்துக் குஞ்சை வரைந்திருந்தாள். இலைக்கு இலை அதன் கால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இலைகளை அடுக்கிச் சரசரவென்று புரட்டினால் குஞ்சு தத்தித் தத்தி நடந்தது!

முயல், மான், கரடி எல்லாம் பிள்ளை குட்டிகளோடு வந்து உட்கார்ந்தன. கொத்தனார் மட்டும் தனியாக வந்தார்.

"கோடை முழுக்க உட்கார்ந்து வரைஞ்சேன் ஐயா. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க!" என்றாள் பூவாலி.

"அதெல்லாம் படத்தைப் பார்த்த பிறகு!"

படம் தொடங்கியது. குஞ்சு போகிற வழியில் ஒரு யானை வந்தது; அதற்கு மூன்று கால்கள்தான். "ஒண்ணு!" என்றார் கொத்தனார். மழை பெய்தது, யாரும் நனையவில்லை. "ரெண்டு!" குஞ்சின் அலகு ஓர் இலையில் நீளம், அடுத்ததில் குட்டை. "மூணு!" வானத்தின் நடுவில் பழக்கறை. "நாலு!" பூவாலி இலைகளை இன்னும் வேகமாகப் புரட்டினாள்.

அப்போது குஞ்சு அம்மாவைத் தொலைத்துவிட்டது. நாணலுக்கு முன்னால் நின்று அழுதது. அம்மா வாத்து அதே நாணலுக்குப் பின்னால்தான் தேடிக்கொண்டிருந்தது. குஞ்சோ எதிர்ப்பக்கமாக நடந்தது.

"அங்கே போகாதே! அம்மா பின்னாலதான் இருக்கா, திரும்பு!"

கத்தியது யார்? நம் கொத்தனார்தான்! குட்டிகளும் சேர்ந்து கத்தின. "திரும்பு! திரும்பு!"

குஞ்சு திரும்பியது.

கொத்தனாருக்குத் தன் அப்பாவின் நினைவு வந்தது. அவர் குஞ்சாக இருந்தபோது அப்பா மரப்பட்டையில் அலகால் கீறிக் கீறி எறும்புக் கதை சொல்வார். எறும்பு வழி தவறும்போதெல்லாம் இவர் இப்படித்தான் கத்துவார். அப்பா சிரிக்கிற சிரிப்பில் பொந்தே குலுங்கும். என்ன அருமையான நாட்கள்! எத்தனை வருஷமாக அதை நினைக்காமலே இருந்துவிட்டார்!

"ஐயா, மொத்தம் எத்தனை ஓட்டை?" என்று படம் முடிந்ததும் கூட்டத்திலிருந்த ஒரு குள்ளநரி கேட்டது.

"எண்ணுறதைப் பாதியிலேயே விட்டுட்டேன், போ!"

பூவாலி ஓடி வந்தாள். "யானைக்கு நாளைக்கே இன்னொரு கால் போட்டுடறேன் ஐயா!"

"அது கிடக்கட்டும். சாயங்காலம் மறுபடி காட்டுவியா?"

"காட்டுவேன். ஏன் ஐயா?"

"வீட்டுல ரெண்டு குஞ்சு இருக்கு. இன்னிக்கு வரைக்கும் நான் அதுங்களுக்கு ஒரு கதை கூடச் சொன்னதில்லை" என்று சொல்லிவிட்டு, கொத்தனார் அவற்றை அழைத்துவரப் பறந்தார்.

அன்போடு சொன்ன கதை எவ்வளவு எளியதாக இருந்தாலும், குறை எண்ண வந்தவரையும் அது குழந்தையாக்கிவிடும்.